பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்வரமும் தாளமும்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. பிள்ளைகளுக்கு வீட்டில் கொங்குத் தமிழ், ஆபீஸ் காரியத்துக்கு மலையாளம், கோயில் திருவிழாவில் செண்டை, கல்யாண வீட்டில் நாதஸ்வரம், போனில் இரண்டு மொழிச் சினிமாப் பாட்டு. இத்தனையும் காதில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஸ்வரம், தாளம், காலம், மேளம் என்று பாடத்தை ஆரம்பித்தால் சில இடங்களில் மட்டும் திரும்பத் திரும்பச் சிக்குகிறது. சிக்கிய இடங்களையும் அவிழ்த்த விதத்தையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். புதிதாகப் பாட்டு வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்காக அதை இங்கே தருகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

முதலில் ஒரு சோதனை

எந்தப் பிழையானாலும் திருத்தப் போவதற்கு முன் மூன்று படியாகச் சோதித்துப் பாருங்கள். ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகளை அடுத்தடுத்து அழுத்தி, "ரெண்டும் ஒண்ணா, வேறயா? எது மேலே?" என்று கேளுங்கள். இது காது. அப்புறம் அதே ஒலியை "ஆ" என்று திருப்பிப் பாடச் சொல்லுங்கள். இது தொண்டை. கடைசியாகத்தான் "இதுக்கு என்ன பெயர்?" என்ற கேள்வி. பிள்ளை எந்தப் படியில் தடுக்குகிறதோ, வேலையை அதற்கு முந்தின படியில் ஆரம்பிக்க வேண்டும்.

பெரும்பாலும் மூன்றாவது படியில்தான் தடுக்கும். அதற்குக் காரணம் நாம். காதும் தொண்டையும் தயாராகும் முன்பே "ஏழு ஸ்வரம், பன்னிரண்டு ஸ்தானம், பதினாறு பெயர்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறோம். பிள்ளை அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறது. கேட்காத ஒலிக்குப் பெயர் சொல்லி என்ன பயன்? கீழே வரும் அறிகுறிகளில் பலவற்றுக்கும் வேர் இதுவே.

வகுப்பு மொத்தமும் அடித்தொண்டையில் உறுமுகிறது

ஆண்கள் எடுக்கும் வகுப்பில் இது அதிகம். என் ஸ்ருதி, அதாவது பாட்டுக்கு அடிப்படையாக நிற்கும் ஸ-வின் உயரம், 1 கட்டை (ஆர்மோனியத்தின் சி; எண் கூடக் கூட உயரமும் கூடும்). ஆரம்பத்தில் அதே ஸ்ருதியில் "ஸ" பாடிக் காட்டினேன். நாற்பது பிள்ளைகளும் என்னைப் போலவே தாழ்ந்து பாட முயன்று உறுமினார்கள். இரண்டு பேர் மட்டும் தாமாகவே ஒரு ஸ்தாயி (ஸ-விலிருந்து மேல் ஸ வரையுள்ள தூரம்) மேலே போய்ச் சரியாகப் பிடித்தார்கள். அந்த இரண்டு பேரைத்தான் நான் "தப்பு" என்று நிறுத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

காரணம் எளிது. 1 கட்டையில் ஆண்குரலின் ஸ நொடிக்கு ஏறக்குறைய 131 அதிர்வு. பத்து வயதுப் பிள்ளையின் தொண்டைக்கு அது பள்ளம். அந்த வயதில் ஆண் பெண் வித்தியாசம் குரலில் பெரிதாக இல்லை. இருபாலாருக்கும் 5 அல்லது 5½ கட்டை பொருந்தும். சின்ன வகுப்புக்கு 6 கூட வைத்துப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே வருகிறது. 5 கட்டையில் ஸ 196 அதிர்வு, மேல் ஸ அதற்கு நேர் இரட்டிப்பாக 392. முதல் பாடமான ஸரளி வரிசைக்கு இந்த இடைவெளி போதும்.

சரி, அந்த மேல் ஸ என் தொண்டைக்கு எட்டாதே, எப்படிப் பாடிக் காட்டுவது? நான் பாடிக் காட்டுவதை விட்டுவிட்டேன். ஆர்மோனியம் ஒலிக்கும், நின்று பாடும் குரல் உள்ள ஒரு பெண் பிள்ளை முதலில் பாடும், மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளைக் குரலைப் பிள்ளைக் குரல் சீக்கிரம் பிடிக்கும்.

போனில் ஸ்ருதி வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போனின் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி சரியாக வெளியே வராது. கடைசி பெஞ்சுக்குக் கிணுகிணுப்பு மட்டும்தான் போய்ச் சேரும். தனி ஸ்பீக்கர் ஒன்றை இணைத்து வகுப்பின் நடுவில் வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் வாளையாறு கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும்போது எங்கள் பக்கம் ஜன்னல் எல்லாம் படபடக்கும், தொண்டையும் வறளும். அந்த நாட்களில் முதல் வேலை ஜன்னலை அடைப்பது, இரண்டாவது வேலை எல்லாரையும் தண்ணீர் குடிக்க வைப்பது.

ஒரு பிள்ளை மட்டும் சேரவே மாட்டேன் என்கிறது

ஆறாம் வகுப்பில் ஒரு பையன். பிரார்த்தனைப் பாட்டில் அவனை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு வருஷமாக. என் வகுப்பில் முதல் நாளே எழுந்து நின்று, "ஏனுங்க மாஷே, நான் சும்மா இருந்துக்கட்டுங்களா?" என்று கேட்டான். (இங்கே தமிழ்ப் பிள்ளைகளும் வாத்தியாரை மாஷே என்றுதான் கூப்பிடும்.)

அவனிடம் "ஸ பாடு" என்று சொல்லவில்லை. "உனக்கு வர்ற சத்தத்தை ஆ-ன்னு இழு கண்ணு, அது போதும்" என்றேன். இழுத்தான். ஆர்மோனியத்தில் தேடினேன். 3 கட்டைக்குக் கொஞ்சம் கீழே நின்றது. 3 கட்டையை அழுத்தியதும் அவன் குரல் தானாக நகர்ந்து அதில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டிய அந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏதோ காதுக்குள் அடங்கியது மாதிரி சட்டென்று நிமிர்ந்தான். "இதுதான் இன்னிக்கு நம்ம ஸ" என்று சொல்லி வகுப்பு மொத்தத்தையும் அவன் ஸ்ருதிக்கு வரச் சொன்னேன்.

அதுதான் வைத்தியம். பிள்ளையை ஸ்ருதிக்கு இழுக்காமல், ஸ்ருதியைப் பிள்ளையிடம் கொண்டுபோவது. ஒட்டும் உணர்வு ஒரு தரம் காதுக்குக் கிடைத்துவிட்டால், அடுத்த வாரம் அரைக் கட்டை ஏற்றலாம், அதற்கடுத்த வாரம் இன்னும் அரை. அந்தப் பையன் 5 கட்டைக்கு வந்து சேர ஒரு பருவம் முழுக்க ஆனது. இந்தக் காத்திருப்புக்குக் குறுக்குவழி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. "வாயை மட்டும் அசை" என்ற வார்த்தையைத் தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள்.

மேலே போகப் போகக் கத்துகிறார்கள்

"ஏத்திப் பாடு" என்ற நம் சொல்லே குழப்பம். டிவியில் சத்தத்தை ஏற்று என்பதற்கும் அதே சொல்தான். மேல் ஸ-வை மூக்கால் "ம்ம்" என்று மெதுவாக முனகச் சொல்லுங்கள். உடனே கீழ் ஸ-வை உரக்கப் பாடச் சொல்லுங்கள். இரண்டு தரம் மாற்றி மாற்றிச் செய்தால் உயரம் வேறு, சத்தம் வேறு என்று புரிந்துவிடும். நம் மாவட்டத்துக்காரர் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) வாய் திறந்து பாடுவதற்குப் பேர்போனவர். அவருடைய பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டி, திறந்த தொண்டைக்கும் கத்தலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்க வையுங்கள்.

"க பாடு" என்றால் ஸ-விலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறது

இதுதான் முக்கியமான அறிகுறி. ஸ ரி க ம ப த நி ஸ கடகடவென்று வரும். நடுவில் நிறுத்தி "க எங்கே?" என்றால் பிள்ளை கண்ணை மேலே செருகி, உதட்டுக்குள் ஸ, ரி என்று முணுமுணுத்து, க-வுக்கு வந்து சேரும். பஸ் நிறுத்தங்களின் பெயரை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவனை நடு ஊரில் இறக்கிவிட்டால் எந்த ஊர் என்று தெரியாமல் முழிப்பானே, அது போல. எட்டு ஸ்வரமும் அவனுக்கு ஒரே நீளமான மெட்டு. தனித்தனி இடமாக இன்னும் பிரியவில்லை.

முதல் மருந்து, மௌன ஸ்வரம். ஸ உரக்க, ரி மனசுக்குள், க உரக்க. அப்புறம் ரி, க இரண்டும் மனசுக்குள், ம மட்டும் உரக்க. கையால் உயரம் காட்டிக்கொண்டே செய்ய வேண்டும். மனசுக்குள் பாடும்போது வகுப்பில் விழும் அந்த ஒரு நொடி அமைதி இருக்கிறதே, கற்றல் நடப்பது அங்கேதான். அவசரப்பட்டு நாம் பாடி நிரப்பிவிடக் கூடாது.

இரண்டாவது மருந்து, தூண்கள். ஸ, ப, மேல் ஸ. இந்த மூன்றுக்கும் மட்டும் தாவித் தாவி ஒரு வாரம் பாட விடுங்கள். மற்ற ஸ்வரங்களை இந்தத் தூண்களிலிருந்து ஓரடி தள்ளித் தேடப் பழகட்டும்: ப-வுக்குக் கீழே ம, மேல் ஸ-வுக்குக் கீழே நி. இது நிலைத்த பிறகு, ஸ்வரங்களைத் தாவிப் பாடும் தாட்டு வரிசை எடுத்தால் பிள்ளைகள் ரசித்துப் பாடுவார்கள். அதற்கு முன்னால் எடுத்தால் தாட்டு வரிசையும் இன்னொரு மனப்பாட மெட்டாகிவிடும்.

மூன்றாவது, கண்ணால் பார்க்கிற மருந்து. ஒரு பலகையில் 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு மரத்துண்டுகள், அவற்றின்மேல் இறுக்கிக் கட்டிய ஒரு கம்பி, கம்பிக்கு அடியில் நகர்த்த ஒரு பென்சில். முழுக் கம்பியைத் தட்டினால் ஸ. பென்சிலை ஒரு முனையிலிருந்து 30 செ.மீ.-ல் வைத்து அந்தப் பக்கத்தைத் தட்டினால் மேல் ஸ. 40-ல் ப. 45-ல் ம. 48-ல் க. பிள்ளைகளின் ஸ்கேலாலேயே அளந்து, சாக்பீஸால் குறி போட்டு, பெயர் எழுதச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்பில் இதைச் செய்தபோது ஒரு பெண், "அப்ப ப-ங்கிறது மூணுல ரெண்டு பாகமுங்களா மாஷே?" என்று கேட்டாள். பின்னம் படித்த பிள்ளைக்கு ஸ்வரம் இப்படித்தான் உள்ளே இறங்குகிறது. அன்றைக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று தமிழில் ஏழு ஸ்வரங்களுக்கும் இருந்த பழைய பெயர்களையும் சொன்னேன். இளி என்ற பெயருக்கு முன்னாலேயே அந்த 40 செ.மீ. ஒலி காதில் விழுந்திருந்ததால் யாரும் அதை ஒப்பிக்கவில்லை, பாடிக் காட்டினார்கள்.

மாயாமாளவகௌளையில் ரி ஏறிக்கொண்டே போகிறது

ஸரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிக்கும் வழக்கத்தைப் புரந்தரதாசர் ஏற்படுத்தியதாகச் சொல்வார்கள். பிள்ளைகளோ பிரார்த்தனைப் பாட்டு, சினிமாப் பாட்டு என்று சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களை நிறையக் கேட்டு வருகிறார்கள். அதில் ரி, ஸ-விலிருந்து இரண்டு கட்டை தள்ளி இருக்கும். இதிலோ ஒட்டிய கட்டை. பழகின தொண்டை பழகின இடத்துக்குத்தான் போகும். அதைத் தப்பு என்று அதட்டிப் பயனில்லை.

மேலிருந்து தொடங்குங்கள். மேல் ஸ, நி, ஸ என்று பாட வையுங்கள். நி இரண்டு ராகத்துக்கும் பொது, ஒட்டிய கட்டை, எளிதாக வரும். அந்த ஒட்டிய உணர்வு பிடிபட்டதும் கீழே வந்து ஸ, ரி, ஸ. "கீழே எவ்வளவு நகர்ந்தயோ, மேலேயும் அவ்வளவுதான்" என்றால் போதும். இன்னொன்று, இந்த ராகத்தின் இரண்டு பாதியும் ஒரே அச்சு. ஸ-ரி ஒரு கட்டை, ரி-க மூன்று கட்டை, க-ம ஒரு கட்டை. ப-த ஒன்று, த-நி மூன்று, நி-ஸ ஒன்று. ஆர்மோனியத்தில் கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் சேர்த்துப் பிள்ளைகளையே எண்ண விடுங்கள். முதல் வகுப்புக்கு இந்த ராகத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை: நாலு ஸ்வரம் கற்றால் எட்டும் வந்துவிடுகிறது.

மேல் ஸ-வை "ஸ்" என்று படிக்கிறார்கள்

மேல் ஸ்தாயிக்கு எழுத்தின்மேல் புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு அடியில் புள்ளி. எல்லா இசைப் புத்தகத்திலும் இதுதான் வழக்கம். ஆனால் தமிழில் எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் அது மெய்யெழுத்து! ஒன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைக்கு அப்படித்தானே சொல்லித் தந்திருக்கிறோம்? ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் "ப த நி ஸ்ஸ்ஸ்" என்று பாம்பு சீறுகிற மாதிரி முடித்தபோதுதான் எனக்கே இது உறைத்தது. அவள் படித்தது முழுக்கச் சரி.

முதல் இரண்டு மாதம் நான் புள்ளி வைப்பதில்லை. மேல் ஸ்தாயியைச் சிவப்புச் சாக்பீஸில் எழுதுகிறேன். நிறத்தைப் பார்த்ததும் குரல் மேலே போகப் பழகிய பிறகு, சிவப்பு எழுத்தின்மேல் புள்ளியும் சேர்ப்பேன். அதற்கப்புறம் சிவப்பை எடுத்துவிடுவேன். மலையாளப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை; அந்த எழுத்தில் மேற்புள்ளிக்கு இந்த வேலை கிடையாது.

க, த என்ற எழுத்துகளைத் தமிழ் வாசிப்பில் வல்லினமாக அழுத்தி உச்சரிப்பதும் இதே வகை. "கங்கையில ரெண்டாவது வர்ற க", "பந்துல வர்ற து மாதிரி த" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடலாம். நாளடைவில் சரியாகிவிடும்.

இரண்டாம் காலம் வந்தால் கையும் சேர்ந்து ஓடுகிறது

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம். இரண்டாம் காலத்தில் இரண்டு. கை அதே வேகத்தில் போக வேண்டும், வாய் மட்டும் இரட்டிக்க வேண்டும். நடப்பது என்ன? வாயைப் பார்த்துக் கையும் ஓடுகிறது. கடைசியில் முதல் காலத்தையே வேகமாகப் பாடி முடித்திருப்பார்கள்.

எங்கள் ஊரில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. செண்டை மேளத்தில் நிற்கும் மாமன், சித்தப்பன் உள்ள பிள்ளைகள் வகுப்பில் எப்படியும் நாலைந்து பேர் இருப்பார்கள். பஞ்சாரி மேளத்தில் ஐந்து காலம். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (எண்ணிக்கை), அப்புறம் 48, 24, 12, கடைசியில் 6. அங்கே காலம் மாறும்போது தாளச் சுற்றே பாதியாகிறது. அதைக் கேட்டு வளர்ந்த காதுக்குக் "காலம் ஏறுகிறது" என்றால் சுற்று சுருங்குகிறது என்றுதான் அர்த்தம். நம் பாடத்தில் சுற்று அப்படியே நிற்கும், உள்ளே நிரம்பும் ஸ்வரம்தான் கூடும். ஒரே சொல், இரண்டு வேலை. இதை நான் கண்டுபிடிக்கவே வெகுநாள் ஆயிற்று. செண்டை தெரிந்த பையன்தான் தாளத்தில் முதலில் நிற்பான் என்று எதிர்பார்த்தேன். அவனே முதலில் ஓடினான். அவனிடம் அந்த வேறுபாட்டைச் சொன்ன அன்றே சரியாகிவிட்டது. 96, 48, 24 என்று கணக்கை எழுதிப் போட்டு, "உங்க மேளத்தில் பெட்டி சின்னதாகுது, இங்கே பெட்டி அதேதான், சாமான்தான் கூடுது" என்றேன்.

மற்றவர்களுக்கு மைதானம்தான் மருந்து. வெளியே கூட்டிப்போய் நடக்க விடுங்கள். ஓர் அடிக்கு ஒரு ஸ்வரம். நடை நிலைத்ததும், நடையை மாற்றாமல் ஓர் அடிக்கு இரண்டு ஸ்வரம். கை வாயோடு சேர்ந்து ஓடிவிடும்; கால் அவ்வளவு சீக்கிரம் ஓடாது. வகுப்புக்குள்ளேயே செய்ய வேண்டுமானால் சுவர்க் கடிகாரத்தின் டிக் ஒலிக்குத் தட்ட வையுங்கள், நிமிஷத்துக்கு 60. பாதி வகுப்பு தாளம், பாதி வகுப்பு பாட்டு என்று பிரித்துவிட்டு அப்புறம் சேர்ப்பதும் நல்ல வழி.

மூன்றாம் காலத்துக்கு மூன்று ஸ்வரம் என்கிறார்கள்

ஒன்று, இரண்டு என்று வந்தால் அடுத்தது மூன்று என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு காலமும் முந்தினதன் இரட்டிப்பு: 1, 2, 4. எண்ணிக்கைக்கு மூன்று வந்தால் அது திசிர நடை, வேறு கதை. "தக, தகதிமி, தகதிமிதகஜொணு" என்று இரண்டு, நாலு, எட்டாகக் கொன்னக்கோல் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) சொல்ல வைத்தால் இரட்டிப்பு வாயிலேயே பதிந்துவிடும். "தகிட"வைத் தனியாக இன்னொரு நாள் எடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் எடுத்தால் இரண்டும் போய்விடும்.

ரூபக தாளம்: புத்தகத்தில் ஆறு, மாஷ் கையில் மூன்று

புத்தகத்தில் ஒரு திருதம் (2), ஒரு லகு (4), மொத்தம் 6 அட்சரம். பாடுகிறவர்கள் கையில் தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்று. இரண்டும் வழக்கத்தில் உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பரீட்சைத் தாளில் 6 எழுதட்டும்.

கடபயாதியில் தப்பான மேள எண் வருகிறது

எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஆர்வமுள்ள பிள்ளைகள் 72 மேளம் (தாய் ராகங்கள்) வரை வருவார்கள். க, ட, ப, ய ஒவ்வொன்றிலும் தொடங்கி எழுத்துகளை எண்ணிக்கொண்டு போகும் கடபயாதி முறையில், ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் மேள எண் கிடைக்கும். மாயாமாளவகௌளை: மா 5, யா 1, திருப்பினால் 15. மேசகல்யாணி: மே 5, ச 6, திருப்பினால் 65. பிள்ளைகளுக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும். உற்சாகமாகிக் கரகரப்பிரியாவுக்குப் போடுவார்கள்: க 1, ர 2, திருப்பினால் 21. ஆனால் 21 கீரவாணி. கரகரப்பிரியா 22. "புத்தகம் தப்புங்களா மாஷே?"

புத்தகம் தப்பில்லை, பிள்ளையும் தப்பில்லை. நம் எழுத்தில் க ஒன்றுதான். கடபயாதிக்கு க நான்கு: 1, 2, 3, 4. கீரவாணியின் கீ முதல் க, கரகரப்பிரியாவின் க இரண்டாம் க. ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே கதை. தமிழ் எழுத்தை மட்டும் வைத்துப் போட்டால் தீரசங்கராபரணமும் சாருகேசியும் இரண்டுமே 26-ல் வந்து மோதும். தீரசங்கராபரணத்தின் த நான்காம் த என்பதால் 9, ஆகவே 29. நடபைரவியும் நாடகப்பிரியாவும் 10-ல் மோதும். நடபைரவியின் ட இரண்டாம் ட, அதனால் 20.

இங்கேதான் எல்லைப்புறத்தில் இருப்பதன் பலன். மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கரும்பலகைக்கு அழைத்து, அந்த நான்கு க, நான்கு ட, நான்கு த, நான்கு ப-வை எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் உச்சரித்துக் காட்டட்டும். கேரளத்தில் சோதிடக் கணக்குகளை வாக்கியமாக்கி மனப்பாடம் செய்ய இதே முறையைப் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லலாம். அப்புறம் ராகப் பெயரைத் தமிழில் எழுதி, க-வின் பக்கத்தில் சின்னதாக 2, த-வின் பக்கத்தில் 4 என்று எண் போட்டுக்கொள்ளப் பழக்குங்கள். தமிழ்ப் புத்தகங்களில் சமஸ்கிருதச் சொல்லுக்கு இப்படி எண் போடும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. எங்கள் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தியது நான் அல்ல, அம்மா மலையாளியான ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண். பாட்டு வகுப்பில் அதுவரை வாய் திறக்காதவள்.

"ஸ என்றால் சி கட்டை" என்று அடம்பிடிக்கிறார்கள்

கீபோர்டு வகுப்புக்குப் போய் வந்த பிள்ளைகள். அங்கே சி எப்போதும் சி. இங்கே ஸ எங்கே வேண்டுமானாலும் உட்காரும். ஸ ரி க ம என்று எழுதிய ஒரு நீளக் காகிதப் பட்டையைக் கட்டைகளின்மேல் வைத்து நகர்த்திக் காட்டுங்கள். அதே பட்டையில் ரி2-வும் (இரண்டாம் ரி) க1-ம் (முதல் க) ஒரே கட்டையில் விழுவதைக் காட்டலாம். ஸ, ப தவிர்த்த ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஆக 12 இடம். நாலு இடத்துக்கு மட்டும் இரண்டு பெயர், ஆக 16. பட்டையைப் பார்த்தால் இது ஒரு நிமிஷ வேலை. பட்டை இல்லாமல் ஒரு மாதம் ஆனாலும் குழப்பம் தீராது.

நன்றாகப் பாடிய பையன் திடீரென்று பாட மறுக்கிறான்

எட்டு, ஒன்பதாம் வகுப்பில் இது வரும். குரல் உடைகிறது. குரல்வளை வளர்ந்து, குரல் நாண்கள் நீண்டு, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. நேற்று வரை எட்டிய மேல் ஸ இன்று கீறிக்கொண்டு நிற்கும். பிள்ளைக்கு அது அவமானம். பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்துக்குப் பெயர் கொடுத்திருந்தால் இன்னும் மோசம்.

முதலில் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இது வியாதி இல்லை, எல்லாருக்கும் வருவது, எனக்கும் வந்தது என்று சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டாம். வற்புறுத்தி மேல் ஸ்தாயி பாட வைக்கவே கூடாது. அதே நேரம் வகுப்பிலிருந்து விலக்கியும் விடக் கூடாது. தாளத்தை அவன் கையில் கொடுங்கள், கொன்னக்கோல் கொடுங்கள், ஸ்வரம் எழுதும் வேலையைக் கொடுங்கள். மாதம் ஒரு தரம் ஆறாம் வகுப்புப் பையனுக்குச் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள்: வருகிற சத்தத்தை ஆ என்று இழுக்கச் சொல்லி, அது ஆர்மோனியத்தில் எங்கே நிற்கிறது என்று தேடி, தேதியோடு குறித்து வையுங்கள்.

போன ஜூனில் 5½ கட்டையில் பாடிக்கொண்டிருந்த ஒரு பையன் இப்போது என்னிடம் இருக்கிறான். ஓணம் லீவு முடிந்து வந்தபோது எந்தக் கட்டையிலும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் 3-ல் தள்ளாடினான். போன வாரம் 2 கட்டையில் ஸ, ப இரண்டும் ஆடாமல் நின்றன. மேல் ஸ இன்னும் உடைகிறது, அதை நான் கேட்பதில்லை. வகுப்புக்கு இப்போது தாளம் போடுவது அவன்தான். அடுத்த மாதம் மறுபடி ஆர்மோனியத்தில் பார்க்க வேண்டும்.